பட்டியலில் பெயரில்லாப் பொருள்: காஸாவின் எரிபொருளும் மருத்துவமனைகளும்

அரபு மொழியில் எரிபொருளுக்கு 'வகூத்' என்று பெயர். தீ மூட்டுதல், பற்றவைத்தல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. பழைய அகராதிகளைப் புரட்டினால் அதற்கு நேராக 'விறகு' என்றே எழுதியிருக்கும். இன்றைய காஸாவாசி இச்சொல்லை நாளிதழில் படிக்கிறார். வீதியில் பேசும்போதோ 'ஸூலார்' என்கிறார். டீசலுக்கு எகிப்திலும் ஃபலஸ்தீனத்திலும் வழங்கும் பெயர் அது. நவீன அரபு நாளிதழ்களைப் பாடமாக நடத்தும்போது, மாணவர்கள் பழைய அகராதிகளில் தேடிச் சலித்துப்போகும் சொற்களுள் இதுவும் ஒன்று. ஆனால், காஸாவைப் பற்றிய எந்தச் செய்தியையும் இந்தச் சொல்லின்றிப் படித்து முடிக்க இயலாது.

போர்க்காலத்தில் குடிமக்களுக்குத் தடுக்கப்படக் கூடாதவை எவை என்பதை இக்காலச் சர்வதேசச் சட்டம் வரையறுத்து வைத்திருக்கிறது. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை மருந்துகளையும் மருத்துவமனைப் பொருள்களையும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமான உணவையும் உடையையும் குறிப்பிடுகிறது. 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறை, மக்கள் உயிர்வாழ இன்றியமையாதவை என உணவு, பயிர், கால்நடை, குடிநீர் அமைப்புகள், பாசன வாய்க்கால்கள் ஆகியவற்றைச் சொல்கிறது. 'போன்றவை' என்ற சொல்லும் அங்குண்டு. எனவே அது முற்றுப்பெற்ற பட்டியலன்று. ஆயினும் எரிபொருள் அதில் பெயர் சொல்லப்படவில்லை. மாவை ரொட்டியாக்குவதும், கிணற்று நீரை மேலேற்றுவதும், மருந்தைக் குளிரில் காப்பதும் எரிபொருள்தான். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் பட்டியலில் இல்லாத இந்தவொன்றைச் சார்ந்து நிற்கிறது. உணவைத் தடுப்பவனை உலகம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. டீசலைத் தடுப்பவனோ பொருளாதாரத் தடை விதித்ததாகவும், எதிரியின் வாகனத்தை நிறுத்தியதாகவும் சொல்லிக்கொள்ள முடிகிறது. காஸாவில் ஏறத்தாழ இருபதாண்டுகளாக நடந்துவருவதை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாட்டைக் கவனித்தல் அவசியம்.

முதலில் காஸாவின் மின்சார அமைப்பைப் பார்ப்போம். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்நிலப்பகுதிக்கு மூன்று வழிகளில் மின்சாரம் வந்தது. இஸ்ரேலிலிருந்து பத்துக் கம்பித் தடங்கள் வழியே சுமார் 120 மெகாவாட். தெற்கே எகிப்திலிருந்து சிறிதளவு. மூன்றாவது, 2002ஆம் ஆண்டு முதல் இயங்கத் தொடங்கிய உள்ளூர் மின்நிலையம். அதன் திறன் 140 மெகாவாட். எரிவாயுவிலும் இயங்குமாறு அது வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆனால் வாயு வரவில்லை, டீசலிலேயே ஓடியது. அந்த டீசலும் பெரும்பாலும் இஸ்ரேலின் கட்டுப்பாட்டிலுள்ள கடவை வழியாகவே வரவேண்டியிருந்தது. 2010 வரை நஹல் ஓஸ் என்னும் கடவை. அதன்பின் கரம் அபூ ஸாலிம். மூன்று வழிகளும் சேர்ந்து ஒழுங்காக இயங்கிய நாள்களிலும்கூடத் தேவை முழுமையாக நிறைவேறியதில்லை. கம்பியை அறுப்பதற்கும் எண்ணெயை நிறுத்துவதற்கும் ஒரே திசையிலுள்ள ஒரு கை போதும் என்பதே இந்த அமைப்பின் உள்ளமைந்த பலவீனம்.

2006 ஜூன் 28 அன்று இஸ்ரேலிய விமானங்கள் அம்மின்நிலையத்தின் ஆறு மின்மாற்றிகளையும் குண்டுவீசித் தகர்த்தன. அடுத்த ஆண்டு ஹமாஸ் காஸாவின் ஆட்சியைக் கைப்பற்றியதையடுத்து, 2007 செப்டம்பரில் இஸ்ரேலிய அமைச்சரவை காஸாவைப் 'பகைப் பிரதேசம்' என அறிவித்தது. அக்டோபர் இறுதியில் எரிபொருள் அளவு குறைக்கப்பட்டது. மனித உரிமை அமைப்புகள் இஸ்ரேலிய உயர் நீதிமன்றத்தை அணுகின. 2008 ஜனவரி 30 அன்று வந்த தீர்ப்பு நாம் ஊன்றிப் படிக்கவேண்டிய ஆவணம். 2005இல் படைகளை விலக்கிக்கொண்டபின் காஸா மக்களின் நலனுக்கு இஸ்ரேல் பொதுப்பொறுப்பு உடையதன்று என்றது நீதிமன்றம். எனினும் கடவைகளைக் கட்டுப்படுத்துவதாலும், பல்லாண்டுகளாக அம்மக்கள் இஸ்ரேலின் மின்சாரத்தைச் சார்ந்திருக்கும்படி ஆனதாலும், அடிப்படை மனிதாபிமானத் தேவைகளுக்கான அளவை வழங்கும் கடமை உண்டு என்றும் ஒப்புக்கொண்டது. அந்த அளவு என்ன? மின்நிலையத்துக்கு வாரம் 22 இலட்சம் லிட்டர் டீசல் என்று அரசுத்தரப்பு கூறியது. நீதிமன்றம் அதை ஏற்றது. மின்நிலையம் முழுத்திறனில் இயங்க அது போதாது.

நம் கருத்தில், அன்று நிகழ்ந்த பெரிய மாற்றம் லிட்டர் கணக்கில் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கையை 'குறைந்தபட்சம்' என்ற அளவைக்குள் கொண்டுவந்து, அதைக் கணக்கிடும் உரிமையைத் தடை விதிப்பவரின் கையிலேயே கொடுத்ததுதான் அது. குறைந்தபட்சம் என்பது எல்லாம் சரியாக நடந்தால் மட்டுமே போதுமானது. கடவை ஒருநாள் மூடப்பட்டாலோ, ஒரு பம்பு பழுதடைந்தாலோ, குளிர் சற்று மிகுந்தாலோ அது போதாததாகிவிடும்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் அறமாகாது. காஸாவின் விளக்குகளை அணைத்தவர்கள் இஸ்ரேலியர் மட்டுமல்லர். எகிப்திலிருந்து சுரங்கப்பாதைகள் வழியே மலிவு டீசல் வந்துகொண்டிருந்தது. 2013இல் கெய்ரோவின் புதிய ஆட்சி அச்சுரங்கங்களை அழித்ததும், நவம்பர் தொடக்கத்தில் மின்நிலையம் நின்றது. அம்மாதத்திலேயே காஸா நகரின் ஸைத்தூன் பகுதியில் கழிவுநீரேற்று நிலையம் செயலிழந்து, சாக்கடை நீர் தெருக்களில் ஓடியது. 2017இல் ரமல்லாவிலுள்ள ஃபலஸ்தீன அதிகார சபைக்கும் ஹமாஸுக்கும் இடையே எரிபொருள் வரி குறித்த பூசல் முற்றியது. ஏப்ரலில் மின்நிலையம் மீண்டும் நின்றது. ஹமாஸை நெருக்குவதற்காக இஸ்ரேலிடம் சொல்லிக் கம்பி வழி மின்சாரத்தையும் குறைக்கச் செய்தது அதிகார சபை. மக்களுக்கு நாளில் நான்கு மணி நேர மின்சாரமே கிடைத்த கோடைக்காலம் அது. 2018 ஜனவரி இறுதியில் எரிபொருள் தீர்ந்து பைத் ஹானூன் மருத்துவமனையின் ஜெனரேட்டர் நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் கத்தாரின் பணத்தில் டீசல் வந்த பிறகே நிலைமை சற்றுச் சீரடைந்தது. சகோதரர்களின் பூசலிலும் நோயாளியே பணயமானார் என்பதை நம் இதழ்கள் போதிய அளவு எழுதவில்லை.

மருத்துவமனையின் மின்தேவை வீட்டின் மின்தேவையைப் போன்றதன்று. வீட்டில் மின்சாரம் நின்றால் வேலை நிற்கும். மருத்துவமனையில் மின்சாரம் நின்றால் மூச்சு நிற்கும். ஆகவேதான் உலகெங்கும் மருத்துவமனைகள் ஜெனரேட்டர் வைத்துக்கொள்கின்றன. ஆனால் அந்த இயந்திரம், மின்தடை ஏற்படும் சில மணி நேரங்களுக்கு ஈடுகொடுக்கும் மாற்று ஏற்பாடு மட்டுமே. அதை இரவுபகலாக மாதக்கணக்கில் ஓட்டினால் வடிகட்டிகள் அடைபடும்; எஞ்சின் எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும்; உதிரிபாகங்கள் தேய்ந்து உடையும். காஸாவில் டீசலைப் போலவே உதிரிபாகங்களும் தடைக்குள்ளானவை. ஒரு லிட்டர் டீசலிலிருந்து சுமார் மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம்தான் கிடைக்கும். பெரிய ஜெனரேட்டரைச் சிறிய சுமைக்கு ஓட்டினால் அதுவும் குறையும். எரியாத எண்ணெய் கரியாகப் படிந்து எஞ்சினையே கெடுக்கும். எண்ணெய் குறைந்துவிட்டது என்பதற்காக இயந்திரத்தைப் பாதியளவில் ஓட்டி மிச்சம் பிடித்துவிட இயலாது என்பது வெளியிலிருந்து பார்ப்போருக்கு எளிதில் புரிவதில்லை.

எனவே மருத்துவமனை நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்றுதான்: பிரிவு பிரிவாக அணைத்துக்கொண்டே வருதல். முதலில் குளிரூட்டியும் சலவையும் போகும். அடுத்து மின்தூக்கி, நோயாளியை நான்கு பேர் படிக்கட்டில் சுமப்பர். அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் தள்ளிவைக்கப்படும். அறுவைக் கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் இயந்திரம் மின்சாரத்தை விழுங்குவது. அதை நாளில் ஒரு முறை இயக்கலாமா, இரு முறை இயக்கலாமா என்ற கேள்வி எழும். இரத்த வங்கியின் குளிர்பெட்டி 2 முதல் 6 பாகை வெப்பத்திலிருந்து விலகக் கூடாது. ஆக்சிஜன் தயாரிக்கும் நிலையமும் மின்சாரத்தில் ஓடுவதே. உருளைகள் இருந்தாலும் அவற்றை நிரப்ப ஆலை இயங்கவேண்டும். பிணவறையின் குளிர்சாதனமும் இந்தப் பட்டியலில் உண்டு. அதைப் பற்றிப் பலர் எழுதத் தயங்குவர்.

டயாலிசிஸ் பிரிவைத் தனியே சொல்லவேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்தோடு இணைக்கப்படவேண்டும். ஓர் அமர்வுக்கு நூறு லிட்டருக்கும் மேற்பட்ட தூய்மையாக்கப்பட்ட நீர் தேவை. ஆக, இயந்திரத்துக்கு மின்சாரம், நீரை ஏற்றப் பம்பு, நீரைத் தூய்மையாக்க மற்றோர் அமைப்பு, நோயாளி வந்து சேர ஒரு வாகனம் என நான்கு இடங்களில் எரிபொருள் வேண்டும். 2023இல் போர் தொடங்கியபோது காஸாவில் இத்தகைய நோயாளிகள் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். எரிபொருள் குறைந்தபோது நான்கு மணி நேர அமர்வு இரண்டு மணி நேரமாயிற்று. மூன்று முறை இரண்டு முறையாயிற்று. இவ்வாறு குறைத்துக் கொடுக்கப்பட்ட சிகிச்சையால் இறப்பவர் எந்தக் குண்டுக் கணக்கிலும் சேர்வதில்லை. அவர் சிறுநீரக நோயால் இறந்தவராகவே எழுதப்படுகிறார்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தென் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். சுமார் 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அன்றே இஸ்ரேல் கம்பி வழி மின்சாரத்தைத் துண்டித்தது. அக்டோபர் 9 அன்று பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலன்ட் முழு முற்றுகையை அறிவித்தார்: மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை. இரண்டே நாள்களில், 11ஆம் தேதி, மின்நிலையம் எண்ணெய் தீர்ந்து நின்றது. அதன்பின் மருத்துவமனைகள் தம் தொட்டிகளில் இருந்ததைக் கொண்டே நாள்களை எண்ணின. நவம்பர் 1 அன்று, காஸாவின் ஒரே புற்றுநோய் மருத்துவமனையாகிய துருக்கி–ஃபலஸ்தீன நட்புறவு மருத்துவமனை எரிபொருளின்றிச் செயலிழந்தது.

காஸாவின் மிகப்பெரிய மருத்துவமனை அஷ்ஷிஃபா. 'ஷிஃபா' என்றால் நோய் நீங்குதல். நவம்பர் 11 அன்று, இஸ்ரேலியப் படை அதைச் சூழ்ந்திருந்த நேரத்தில், அங்கே மின்சாரம் நின்றது. குறைமாதக் குழந்தைகள் 39 பேர் அங்கிருந்தனர். குறைமாதத்தில் பிறந்த உடலில் கொழுப்பு இராது, தன் வெப்பத்தைத் தானே காக்க அதனால் இயலாது, ஆகவேதான் இன்குபேட்டர். இன்குபேட்டர்கள் நின்றபின் செவிலியர் அக்குழந்தைகளை ஒரே கட்டிலில் அருகருகே கிடத்தி, ஈயத்தாள் போன்ற மினுமினுப்புத் தாளில் சுற்றி, ஒருவர் வெப்பம் மற்றவருக்கு ஆகட்டும் என வைத்தனர். அப்படத்தை உலகம் பார்த்தது. 300 லிட்டர் எரிபொருளை வாசலில் வைத்ததாகவும் மருத்துவமனை அதை ஏற்க விடப்படவில்லை என்றும் இஸ்ரேலியப் படை கூறியது. நாளொன்றுக்குப் பல ஆயிரம் லிட்டர் தேவைப்படும் இடத்தில் அந்த அளவு சிறிது நேரத்துக்கே ஆகும் என்பது மருத்துவமனையின் பதில். நவம்பர் 19 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமையில் குழந்தைகள் வெளியேற்றப்பட்டபோது 31 பேரே இருந்தனர். மறுநாள் 28 பேர் எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

மருத்துவமனைக்கு வெளியே இருந்த நிலையும் மருத்துவமனையோடு சேர்ந்ததே. ஆம்புலன்ஸ் ஓடாவிட்டால் காயம்பட்டவர் கழுதை வண்டியில் வருவார். சமையல் எண்ணெயை ஊற்றிக் கார் ஓட்டியவர்கள் உண்டு. உருகிய ஞெகிழியிலிருந்து ஒருவகை எண்ணெயை வடித்து விற்றவர்களும் உண்டு. அந்தப் புகையைச் சுவாசித்தவர் பிறகு மருத்துவமனைக்குத்தான் வரவேண்டும். நவம்பர் 16 அன்று தொலைபேசிக் கோபுரங்களுக்கான எரிபொருள் தீர்ந்து காஸா முழுதும் பேச்சற்றுப்போயிற்று; ஆம்புலன்ஸை அழைக்கவும் வழியில்லை. அதன் பின்னரே நாளுக்கு இரண்டு லாரி எரிபொருளை அனுமதிக்க இஸ்ரேலியப் போர் அமைச்சரவை இசைந்தது.

நீரின் கதை இன்னும் நீளமானது. காஸாவின் நிலத்தடி நீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் குடிக்கத் தகாதது. உப்பு நீக்கும் ஆலைகள் இயங்கினால்தான் குடிநீர். கழிவுநீர் தாழ்வான நிலத்தில் தேங்காமலிருக்கப் பம்புகள் ஓடவேண்டும். இரண்டும் நின்றால் என்ன நேரும் என்பதற்கு 2024 சான்று. ஜூலையில் கழிவுநீர் மாதிரிகளில் போலியோக் கிருமி கண்டறியப்பட்டது. ஆகஸ்டில், கால் நூற்றாண்டுக்குப் பின் முதன்முறையாக, பத்து மாதக் குழந்தையொன்று அந்நோயால் முடங்கியது. தடுப்பூசி இயக்கத்துக்கும் குளிர்பெட்டி வேண்டும்; குளிர்பெட்டிக்கும் டீசல் வேண்டும்.

இதே சங்கிலியை யமனிலும் கண்டோம். 2017 நவம்பரில் ஸவூதி தலைமையிலான கூட்டணி, ரியாதை நோக்கி ஏவப்பட்ட ஏவுகணையைக் காரணம் காட்டி யமனின் துறைமுகங்களை மூடியது. பம்புகளுக்கு எண்ணெயின்றி நகரங்களின் குடிநீர் நின்றது. ஹுதைதாவிலும் தஇஸ்ஸிலும் ஒரு மாதம் நீரேற்றுவதற்காகச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 7,50,000 லிட்டர் எரிபொருளை வாங்கவேண்டியதாயிற்று. அந்நாட்டில் அவ்வாண்டு காலராவென ஐயுறப்பட்டோர் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது. மூடிய கை முஸ்லிம் கை, தாகித்தவரும் முஸ்லிம்.

இஸ்ரேலின் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். டீசல் இருமுகப் பொருள். மருத்துவமனையின் ஜெனரேட்டரை இயக்கும் அதே எண்ணெய் சுரங்கங்களுக்குக் காற்றேற்றும் விசிறியையும் இயக்கும் என்கிறது அத்தரப்பு. 2023 அக்டோபரில், ஹமாஸிடம் ஐந்து இலட்சம் லிட்டருக்கு மேல் இருப்பதாகச் சொல்லித் தொட்டிகளின் படத்தையும் இராணுவம் வெளியிட்டது. அது உண்மையாயின், தன் மக்களின் மருத்துவமனைக்கு அதைத் தராதவர்கள் இறைவனிடமும் வரலாற்றிடமும் பதில் சொல்லவேண்டும். ஆனால் அந்த வாதம் முற்றுகையை நியாயமாக்கவில்லை. போராளியிடம் இருப்பு உண்டென்றால், தடையால் முதலில் வறள்வது இருப்பில்லாத மருத்துவமனையே அன்றி இருப்புள்ள போராளி அல்லன்.

நம் சட்டநூல்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று கேட்போர் உளர். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியுள்ளது. 'நெருப்பு' எது என்பதில் உரையாசிரியர்கள் வேறுபட்டனர். தீத்தட்டும் கல் என்றனர் சிலர். பிறர் மூட்டிய தீயில் குளிர்காய்வதையும் விளக்கேற்றிக்கொள்வதையும் தடுக்கலாகாது என்றனர் வேறு சிலர்; எரியும் கொள்ளியை எடுத்துச்செல்ல மட்டும் உரிமையில்லை என்றனர். பெட்ரோலியத்தையும் இதில் சேர்த்துப் பேசுகின்றனர் இக்கால அறிஞர் பலர். ஆனால் இது அமைதிக்காலச் சொத்துரிமை பற்றிய விதி. போர்ச் சட்டத்துக்கு வந்தால், இமாம் முஹம்மத் அஷ்ஷைபானியின் ஸியர் நூல் முற்றுகைக்குள்ளான கோட்டைக்கு நீரை அடைப்பதை அனுமதித்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு மேற்கின் சட்டத்தைக் குறைசொல்வது புலமை ஆகாது. அன்றைய உலகில் முற்றுகை எல்லா நாட்டாரின் போர்முறையாகவும் இருந்தது. அங்கே சூழப்பட்டது படைவீரர் நிறைந்த கோட்டை. பல இலட்சம் பொதுமக்கள் ஒரே குழாயையும் ஒரே கம்பியையும் நம்பி வாழும் நகரம் அவர்கள் கண்டதன்று. பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் போரில் தீண்டலாகாது என்று அதே நூல்கள் வகுத்த விதியைத்தான் இங்கு முதன்மையாகக் கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து.

சட்டத்தின் மௌனம் அண்மையில் உடைந்தது. 2024 மார்ச் 28 அன்று சர்வதேச நீதிமன்றம் காஸாவுக்குத் தடையின்றி வழங்கப்படவேண்டியவற்றை வரிசைப்படுத்தியபோது உணவு, நீர், மின்சாரம் ஆகியவற்றோடு எரிபொருளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அவ்வாண்டு நவம்பர் 21 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பெஞ்சமின் நெதன்யாகுவுக்கும் யோவ் காலன்டுக்கும் பிடியாணை பிறப்பித்தது. உயிர்வாழ இன்றியமையாதவற்றை அறிந்தே தடுத்தனர் என நம்ப அடிப்படை உண்டென்று கூறியபோது, எரிபொருளும் மின்சாரமும் அங்கே இடம்பெற்றன. இஸ்ரேல் அக்குற்றச்சாட்டை மறுக்கிறது. அதே நாளில் ஹமாஸின் தளபதி ஒருவருக்கும் பிடியாணை பிறப்பிக்கப்பட்டது.

பெயர் ஏறியதால் எண்ணெய் வந்துவிடவில்லை. 2025 மார்ச் 2 முதல் எல்லாப் பொருள்களும் மீண்டும் தடுக்கப்பட்டன. ஒரு வாரத்தில் உப்புநீக்கு ஆலைக்கான மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. ஜூலை தொடக்கத்தில் ஷிஃபாவில் டயாலிசிஸ் நிறுத்தப்பட்டது. 130 நாள்களுக்குப் பின், அம்மாதத்தின் இரண்டாம் வாரத்தில் 75,000 லிட்டர் உள்ளே வந்தது; ஒருநாள் தேவைக்கும் அது போதாது என்றது ஐ.நா. அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், மார்ச்சுக்குப் பிறகு முதன்முறையாகச் சமையல் எரிவாயு லாரிகளில் வந்து சேர்ந்தது. காஸாவின் கரையிலிருந்து சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில், கடலடியில், சுமார் ஒரு இலட்சம் கோடி கன அடி எரிவாயு உண்டென 2000ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. மின்நிலையம் எரிவாயுவிலும் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டதையும் முன்பே சொன்னோம். அந்த வாயு இன்னும் எடுக்கப்படவில்லை.